பதினேழு படிகள்

நவம்பர் வந்தால் எங்கள் வங்கிக் கிளையில் கூட்டம் தாங்காது. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி கொடுக்கிற மாதம் இது. ஆதார் எண்ணைச் சொல்லி, கருவியில் விரலை வைத்து, அது ஒப்புக்கொண்டால்தான் ஓய்வூதியம் தடையில்லாமல் வரும். 2014இல் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச் சான்று வந்த பிறகு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிற வேலை குறைந்தது, விரல் ரேகையோடு மல்லுக்கட்டுகிற வேலை கூடியது.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் லேத்தில் நின்றே காலத்தைக் கழித்தவர். அவர் விரல்களில் ரேகை என்று எதுவும் மிச்சம் இல்லை. வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்துதான் வந்தது. வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"உயிரோட உன் முன்னாடி நிக்கிறேனே தம்பி, இது என்னமோ இல்லைங்குதே!"

எனக்கும் உயர்ந்துவிட்டது. "கையைத் துடைச்சிட்டு வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நீங்க ஒருத்தர்தான் இங்க வந்திருக்கீங்களா?"

கூடத்தில் ஒரு நொடி சத்தம் அடங்கியது. பெரியவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கவுன்ட்டரில் இருக்கும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். 'இவருக்கா இப்படிக் கோபம் வருகிறது?' என்று கேட்கிற பார்வை.

என் மகள் 2022 நவம்பரில் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பாப்பாதான். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு உலகத்தில் மற்றதெல்லாம் தூசாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் "இனிமே உங்களுக்கு எது வந்தாலும் பெரிசா தெரியாது சார்" என்றார்கள். உண்மை அது இல்லை. காரியம் முடிந்த மறு வாரமே, தண்ணீர் கேன் போடுகிறவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று போனில் கத்தினேன். மின்சாரம் போனால் எரிச்சல் வருகிறது. தெருமுனையில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் நான் பெரிய மனிதனாக ஆகிவிடவில்லை. எரிச்சல் வந்த மறு நிமிடம் எனக்கு ஒரு மாடிப்படி ஞாபகம் வருகிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

நாங்கள் கும்பகோணத்தை ஒட்டி ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். வெளியே இருந்து ஏறுகிற சிமென்ட் படி, மொத்தம் பதினேழு. பாப்பா எல்.கே.ஜி. படிக்கும்போது ஒவ்வொரு படியாக எண்ணித்தான் எண்ணவே கற்றுக்கொண்டாள். பதினாலு வந்ததும் பதினாறுக்குத் தாவிவிடுவாள். திருத்தினால் ஒத்துக்கொள்ளமாட்டாள், கீழே இறங்கி முதலில் இருந்து ஏறுவாள்.

2022 ஜூன், ஜூலையில் அவள் அந்தப் படியில் உட்கார ஆரம்பித்தாள். பள்ளி விட்டு வந்ததும் ஏழாவது எட்டாவது படியில் பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். காலையில் இறங்கும்போதும் அப்படித்தான். வேன் கீழே ஹாரன் அடிக்கும், இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருப்பாள்.

"கால் வலிக்குதுப்பா."

"நடிக்காத. எந்திரி. வேன்காரர் நமக்காகவே நிப்பாரா?"

இது ஒரு நாள் நடந்தது இல்லை. மூன்று வாரம் நடந்தது. ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். கொரோனாவில் இரண்டு வருடம் வீட்டில் இருந்து பழகிவிட்டதால் பள்ளிக்கூடம் போகச் சோம்பல் படுகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டே தூங்கினாள், அதற்கும் திட்டு. கெண்டைக்காலில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. "எங்க போய் இடிச்சுக்கிட்ட? பார்த்து விளையாடத் தெரியாதா?" என்று அதற்கும் கேட்டேன். "எங்கேயும் இடிச்சுக்கலப்பா" என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா, அதாவது பாப்பாவின் ஆத்தா, தலை பின்னிவிட்டுக்கொண்டே அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "டேய், பிள்ளை வெளிறிக் கிடக்குடா, ரத்தமே இல்ல" என்றார். மறுநாள் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 5.2. ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், அவளுக்கு 14 ஆயிரம்தான் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் தாளைக் கொடுக்காமல், "டாக்டர்கிட்ட நாங்களே போன்ல சொல்லிட்டோம், உடனே போங்க சார்" என்றாள்.

லுக்கேமியா. ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான். எலும்பு மஜ்ஜைக்குள் நோயணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்வதால் கால் வலிக்கும். சிவப்பணு உருவாக இடம் இல்லாமல் போவதால் களைப்பு வரும். பிளேட்லெட் குறைவதால் இடிக்காமலே கன்றிப்போகும். டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் அவளை எந்த நாளில், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தன் நோயை என்னிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதற்கு நான் நடிப்பு என்று பெயர் வைத்தேன்.

கேட்டுவிட்டேன் டாக்டரிடம். மூன்று வாரம் முன்னாடியே வந்திருந்தால்? அவர் நேராகப் பார்த்துச் சொன்னார். "இந்த நோயில அது பெரிய வித்தியாசம் பண்ணியிருக்காது சார். அதைப் போட்டு மனசை உழப்பிக்காதீங்க." நான் அவரை நம்புகிறேன். மருத்துவத்துக்கு வேண்டுமானால் அந்த மூன்று வாரம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவளுக்கு அது கால் வலியோடு திட்டும் வாங்கிய மூன்று வாரம்.

சிகிச்சைக்குச் சென்னை. கும்பகோணத்தில் இருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே கிடையாது, கூட வருகிறவருக்கு 75 சதவீதம் சலுகை என்பது மருத்துவமனையில் படிவம் கொடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பாப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. "எனக்கு மட்டும் ஃப்ரீ, அப்பாவுக்குக் காசு" என்று டிக்கெட் பரிசோதகரிடமே சொன்னாள்.

அந்த வார்டில் புதிய மொழி ஒன்று கற்றுக்கொண்டோம். அங்கே யாரும் "சௌக்கியமா" என்று கேட்கமாட்டார்கள். "கவுன்ட் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள், ரத்த அணுக்களின் எண்ணிக்கையை. கவுன்ட் ஏறினால் அந்தக் கட்டில்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். பிளேட்லெட் என்பது உடம்பிலேயே எட்டுப் பத்து நாள்தான் இருக்கும். சிவப்பணு 120 நாள் வரை தாக்குப்பிடிக்கும். தானமாக வாங்கின பிளேட்லெட்டை ஐந்து நாளைக்குள் ஏற்றிவிட வேண்டும். ரத்தத்தைப்போல அதைக் குளிரில் வைக்க முடியாது. 20லிருந்து 24 டிகிரியில், அசைந்துகொண்டே இருக்கவேண்டும். நிறுத்தி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும்.

ரத்த வங்கியில் அந்தக் கருவியைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டுத் தட்டாக அடுக்கு, ஒவ்வொரு தட்டிலும் சந்தன நிறத்தில் பைகள். தட்டுகள் மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன. பாப்பா பிறந்த புதிதில் உத்தரத்தில் தூளி கட்டி ஆட்டுவோம். கை நின்றால் முழித்துக்கொள்வாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு காலால் ஆட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன், அப்போதும் 'இன்னும் எவ்வளவு நேரம் ஆட்டுறது' என்று எரிச்சல்தான். அந்தக் கருவிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஊழியர் வந்து "சார், பையை வாங்கிக்கிட்டீங்கன்னா கிளம்புங்க" என்றார்.

அவளுக்காகப் பிளேட்லெட் கொடுத்த பையன்களில் ஒருவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள். ஒன்றரை மணி நேரம் கையில் ஊசியோடு படுத்திருந்து கொடுத்துவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால், தம்பி, நீ கொடுத்தது ஒரு பிள்ளைக்குச் சில நாள் மூக்கில் ரத்தம் வராமல் காப்பாற்றியது. அந்த நாட்களில் அவள் படம் வரைந்தாள்.

முதுகில் போடுகிற ஊசிக்கும், பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்கும் ஒரு மஞ்சள் மருந்து. மெத்தோட்ரெக்சேட். ராத்திரிகளில் தூக்கம் வராமல் அதைப் பற்றிப் படித்தேன். அந்த மருந்தின் தொடக்கத்தில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் இருக்கிறார். வயிற்றுப்போக்காகத் தொடங்கி உடம்பை உருக்குகிற நோயில் தன் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். அவருடைய குழு ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமினைச் செய்தது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்கிற மருந்துகளையும் செய்தது. அவற்றில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் முதல் முறையாகச் சிலருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை எழுதினார். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும். இப்போது வசதியுள்ள நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இந்தக் கணக்கைப் படித்த ராத்திரி எனக்கு உயிர் வந்தது. ஒன்பது பேர்! நம் பாப்பா ஏன் அதில் இருக்கமாட்டாள்?

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த ஒரு மாதம் அவளுக்கு அப்படி ஒரு பசி, அப்படி ஒரு கோபம். நடு ராத்திரி தயிர் வடை கேட்டு அழுவாள். வெளிச் சாப்பாடு கூடாது. இல்லை என்றால் தட்டைத் தள்ளிவிடுவாள். அப்போது மட்டும் நான் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அவள்மேல் படாததையெல்லாம் மற்றவர்கள்மேல் பட்டேன். நான்கு கட்டிலுக்கு ஒரே ஒரு சார்ஜர் பாயின்ட். அதற்காகப் பக்கத்துக் கட்டில் பையனின் அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறேன். நானும் அவரும் தேர்ந்தெடுத்து வந்த இடமா அது? அன்று சாயங்காலம் அவரே வந்து, "சார், என்னோடதுல எண்பது ஏறிடுச்சு, நீங்க போடுங்க" என்றார். அவர் பிள்ளை நன்றாக இருக்கிறான். இந்த வருடம் ஏழாம் வகுப்பு.

செப்டம்பரில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள், நோய் தெரியவில்லை. அக்டோபரில் இரண்டாம் கட்டம். நவம்பரில் இடைவெளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஒரு மாலை காய்ச்சல். 100.4ஐத் தாண்டினால் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு 101. வண்டி பிடித்துக் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டில் எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்று சத்தமே வரவில்லை. மடியில் அவள் அனலாகக் கொதித்துக்கொண்டு, "எந்த ட்ரெயின்ப்பா?" என்று கேட்டாள். "உழவனா இருக்கும்" என்றேன். அது சரக்கு ரயில்.

வெள்ளை அணு அநேகமாக இல்லவே இல்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள். இதற்கு மேல் அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அதற்கப்புறம் வந்தவை எல்லாம் தாள்கள். இறப்பை 21 நாளைக்குள் பதிய வேண்டும், பதிந்தேன். ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பெயர் நீக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கார்டில் நான்கு பேர் என்றால் சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் 2 கிலோ. நீக்கிய மாதம் அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து, ஒன்றரைக் கிலோவைத் தூக்கில் கொட்டினார். தூக்கு நிறையவில்லை. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மூடாமலே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க அந்தத் தூக்கு திறந்தேதான் கிடந்தது. எறும்பு மொய்த்தது.

பாப்பா பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தேன். 2015இல் அந்தத் திட்டம் வந்தபோதே, அவளுக்கு இரண்டு வயதில், எங்கள் கிளையில் நானே தொடங்கியது. அப்போது 9 சதவீதத்துக்கு மேல் வட்டி. எத்தனையோ தகப்பன்மாரிடம் "21 வருஷம் கழிச்சு எவ்வளவு வரும் தெரியுமா" என்று கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். குழந்தை இறந்துவிட்டால் சான்றிதழ் வைத்துக் கணக்கை முடிக்கலாம் என்ற விதியையும் படித்திருக்கிறேன், ஒருமுறைகூட அதற்குத் தேவை வந்ததில்லை. 2023 பிப்ரவரியில் முடித்தேன். மேலாளர் வேறு யாரையாவது வைத்துச் செய்யச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இறந்த தேதியை உள்ளிட வேண்டும். அந்தத் தேதி வரைக்கும் திட்டத்தின் வட்டி, அப்போது 7.6. அந்தத் தேதிக்குப் பிறகு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி, 4 சதவீதம். விதியில் குறை ஒன்றும் இல்லை, பணம் சரியாக வந்தது. ஆனால் ஒரு நாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்று அவள் இரண்டு வட்டி விகிதமாகப் பிரிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருடம் மற்றவர்களின் குறைகளைக் கேட்க முடியாது எனக்கு. அலுவலகத்தில் ஒருவர் தன் மகன் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான் என்று புலம்புவார். எழுந்து வெளியே போய்விடுவேன். உனக்குப் புலம்ப ஒருவன் இருக்கிறானே என்று அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றும். தப்புதான். அவர் கவலை அவருக்கு. நானும் ஒரு காலத்தில் அவரிடம் "பாப்பா படியிலேயே உட்கார்ந்துக்கிறா சார், ஒரே சோம்பல்" என்று புலம்பியவன்தான். அவர் அதைத் திருப்பி ஒரு நாளும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

என் மனைவி வேறு மாதிரி. அவளுக்குக் கோபமே வரவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சரி, வீட்டுக்காரர் வாடகை ஏற்றினாலும் சரி, ஒரே முகம். கறிகாய் விற்கிறவர் அழுகல் தக்காளியைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். ஒரு வருடம், அதற்கு மேலும் அப்படியே ஓடியது. என் கோபத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் காலையில் கீழே சத்தம். மாடியில் இருந்து எட்டிப் பார்த்தேன். கீரைக்காரம்மாவோடு சண்டை. "நேத்துக் கட்டை இன்னிக்குத் தண்ணி தெளிச்சுக் கொண்டாந்தா எனக்குத் தெரியாதா? தண்டைப் பாரு, உள்ள வெண்டு போயிருக்கு!" அந்தம்மாவும் விடவில்லை. இருவரும் கால் மணி நேரம். நான் படியில், ஏழாவது படியோ எட்டாவதோ, அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் எனக்கு மீன் குழம்பு வைத்தாள், நன்றாகப் புளி போட்டு.

சரி, அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். நான் கத்தினதற்கு அப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஓரமாகப் போய், வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றார். அடுத்து மூன்று பேருக்குச் செய்து முடித்தேன். முடியவில்லை. எழுந்து போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, செல்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கிற செயலியைத் திறந்தேன். 2021லிருந்து அந்த வசதி இருக்கிறது. முதலிலேயே நான் அதைச் செய்திருக்கலாம்.

"நேரா பாருங்கய்யா. கண்ணை ஒரு தடவை மூடித் திறங்க."

"எதுக்கு?"

"படம் இல்ல, உயிரோட இருக்கிற ஆளுதான்னு அது தெரிஞ்சுக்க."

அவர் குழந்தைகள் செய்வதுபோல முகத்தை முழுக்கச் சுருக்கி, இறுக்க மூடி, திறந்தார். பச்சை வந்தது. நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வேலைன்னா அப்படித்தான் தம்பி" என்று என் கையைத் தட்டினார்.

கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தால், வாசல் படிகளில் அவர் உட்கார்ந்திருந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் நின்ற ஒருவர் "பெரியவரே, வழியில..." என்று ஆரம்பித்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"கால் வலிக்குது தம்பி. செத்த நேரம்."

"உட்காருங்கய்யா," என்றேன். "ஒண்ணும் அவசரம் இல்ல. உட்காருங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.